வாணலி பாய்

திரை கட்ட ஒரு பக்கம்தான் ஆணி இருந்தது. மறுபக்கம் சன்னல் கம்பியில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போடும்போதே, யாசீன் ஓத வந்த பள்ளிவாசல் லெப்பை படியேறும் சத்தம் கேட்டுவிட்டது. சம்சுன்னிசா பழைய சேலை ஒன்றை அவசரமாகக் கயிற்றில் விரித்துப் போட்டுவிட்டு உள்பக்கம் ஒதுங்கினாள். கட்டில் ஒன்றும் அடுப்பு ஒன்றும் கொள்ளுகிற அறை அது. அதில் பாதி இப்போது ஆண்களுக்குப் போய்விட்டது. மீதிப் பாதியில் அவளும், தண்ணீர்ப் பானையும், அரிசி டின்னும், கணவருடைய அண்ணன் மனைவி கதீஜாவும். கணவர் ஒலி முகம்மது அந்தப் பக்கம் கிடந்தார்.

நோயில் விழுந்த நாளிலிருந்து அவரை விட்டு இவ்வளவு தூரம் அவள் உட்கார்ந்ததில்லை. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். நீட்ட முடியாது, அவ்வளவுதான்.

"யா அல்லா! இந்தப் படிக்கட்டை ஆட்டுக்குட்டி ஏறுறதுக்கில்ல கட்டியிருக்கான்," என்று மூச்சு வாங்கியபடி உள்ளே வந்தார் யாக்கூப் லெப்பை. கட்டிலைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "ஒலி... இந்த ஒடம்பு நீ சுட்ட எறா வாடாவத் தின்னு வளந்த ஒடம்புப்பா."

கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"வாணலி."

லெப்பை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அண்ணன் அஹமது கபீர்தான் சேலைத் திரையின் பக்கம் திரும்பிப் பேசினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இனிமே யாரும் அவன்கிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது. வலிக்குதா, தண்ணி வேணுமா, எதுவும் கேக்கப்படாது. கேட்டா அவன் பதில் சொல்லுவான். சொன்னா அந்த வார்த்தைதான் வரும். ஒரு முஸ்லிம் கடைசியா வாயில வச்சுட்டுப் போறது ஒரு சட்டியோட பேரா இருக்கக் கூடாது. கலிமாவா இருக்கணும். அது வரலைன்னா பேசாமலாவது போவட்டும். கேட்டுச்சா புள்ள?"

"கேட்டுச்சு பெரிய மச்சான்," என்றாள் சம்சுன்னிசா.

கேட்பதற்கு உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அவளும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான்.

கண்டாங் கெர்பாவ் எருமைக் கொட்டில்களுக்கு எதிரே, சிராங்கூன் சாலை முனையில், ஒலி முகம்மது இறால் வாடா சுட்டு விற்றவர். மாட்டுக்காரர்கள், சுண்ணாம்புச் சூளைக்காரர்கள், ரிக்ஷா இழுக்கிறவர்கள் எல்லாரும் அவருடைய அடுப்பைச் சுற்றித்தான் குந்தியிருப்பார்கள். அவரிடம் ஒரு பெரிய வாணலி இருந்தது. இரண்டு காது, குழிந்த வயிறு, உள்ளே கண்ணாடி மாதிரிக் கறுப்பு. ஊரில் ஒருத்தர் இருப்புச்சட்டி என்பார், இன்னொருத்தர் எண்ணெய்ச்சட்டி என்பார். இங்கே சீனன் கடையில் போய்க் குவாலி என்று கேட்டால்தான் எடுத்துத் தருவான். அவர்கள் வீட்டில் அது வாணலிதான்.

டிராம் வண்டி ஓட ஆரம்பித்த மறுவருஷம் ஒருநாள், சாயங்கால அஸர் தொழுகைக்குச் சற்று முன்னால் எண்ணெய் புகைந்து தீப்பிடிக்கப் பார்த்திருக்கிறது. பக்கத்தில் நின்றவனிடம், "வாணலிய..." என்று கத்தியிருக்கிறார். இறக்கு என்று சொல்ல வந்தவர்தான். சொல்லவில்லை. அப்படியே சாய்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைத் தூக்கி வந்தபோது வலக்கையும் வலக்காலும் செத்துப்போயிருந்தன. பேச்சும் போய்விட்டது. மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர், "பேச்சு வந்தா வரும்மா, பாப்போம்," என்றார். மறுவாரம் வந்தது. வந்தது அந்த ஒரு வார்த்தை மட்டும்தான். அவர் எல்லாம் பேசினார், பாருங்கள். கோபித்தார், கேட்டார், கேலி செய்தார். நெஞ்சுக்குள் எல்லா வார்த்தையும் இருந்தது. வாசலுக்கு வரும்போது ஒவ்வொன்றும் வாணலியாகிவிட்டது. முதல் நாள் அது தன் காதில் விழுந்தபோது அவரே திடுக்கிட்டு, யார் சொன்னது என்பது போல அறையைச் சுற்றிப் பார்த்தார்.

சம்சுன்னிசா மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டாள். கத்தியால் நறுக்கியது போலச் சட்டென்று வந்தால் தண்ணீர். கடைசி எழுத்து இழுபட்டால் புரட்டிப் படுக்க வை. இரண்டு தடவை ஒட்டி வந்தால் அவளைக் கூப்பிடுகிறார். மூக்கால் வந்தால் குழம்பில் உப்பில்லை. வலிக்கும்போது அதில் பாதிதான் வரும்.

அண்ணனுக்கு இது எதுவும் பிடிபடவில்லை. வருவார், உட்காருவார், தம்பி ஏதோ சொல்வான், அவர் திரும்பி, "என்னவாம்?" என்பார். அவள் சொல்வாள். வேறு யாருக்கும் தெரியாததால் அவளால் எங்கும் போக முடியவில்லை. ஒரு கல்யாணம், ஒரு கந்தூரி, ஒரு பிள்ளைப்பேறு எதற்கும் படியிறங்கவில்லை. கீழே மாட்டுப்பால் கறந்து விற்கும் மங்களம்தான் கடைச்சாமானைப் படிவரைக்கும் கொண்டுவந்து வைப்பாள். அவர் அந்த வார்த்தைக்குள் அடைபட்டுக் கிடந்தார். அவள் அவரோடு அடைபட்டுக் கிடந்தாள்.

கதீஜா மட்டும் வந்தால் அறையில் கொஞ்சம் காற்று வரும். "எங்க வீட்டு ஆளுக்கு ஆயிரம் வார்த்தை தெரியும் புள்ள, ஒண்ணும் உருப்படியில்ல. ஒன் மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சது ஒண்ணு, அதுவும் அடுப்படிக்கு ஆவுது பாரு," என்பாள். ஒலி முகம்மது இடப்பக்க வாயால் மட்டும் சிரிப்பார்.

அவர் விழுந்த பிறகு சம்சுன்னிசாவின் பேச்சிலிருந்து அந்தச் சொல் போய்விட்டது. அடுப்படியில் நின்று அதை வாய்விட்டுச் சொன்னால் அவர் சட்டென்று தலையைத் திருப்புவார், தன்னிடம் ஏதோ பேசுகிறாள் என்று. அதனால் அந்தச் சட்டியை அவள் 'அது' என்று சொல்லப் பழகிக்கொண்டாள். பெயரை அவருக்கே விட்டுக்கொடுத்துவிட்டாள். ஒரே ஒரு நாள், அவர் கஞ்சி வேண்டாமென்று அடம்பிடித்தபோது, பொறுக்க முடியாமல் இடுப்பில் கைவைத்து, "வாணலி! வாணலி! வாணலி!" என்று அவளும் கத்தினாள். அவர் வாயைப் பிளந்து பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். கீழேயிருந்து மங்களம், "அக்கா, மேல என்ன கூத்து?" என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தார்கள்.

தெருவில் அவருக்கு வாணலி பாய் என்றே பெயராகிவிட்டது. கரி கொண்டுவரும் மலாய்க்காரர் கதவருகில் நின்று, "வாணலி, அபாங்!" என்று அண்ணனுக்குச் சலாம் சொல்வது போலச் சொல்வார். இவரும் திருப்பிச் சொல்வார்.

ஆனால் ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. கதீஜாவிடம்கூட. விடியற்காலையில் சுபுஹு பாங்கு கேட்டதும் ஒலி முகம்மது கண்ணை மூடிக்கொள்வார். இடக்கைப் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக நகரும். உதடு, வாணலி, வாணலி, வாணலி என்று மெல்லமாகப் போய்க்கொண்டிருக்கும். அந்த வாணலி வேறு மாதிரி. நறுக்காது, இழுக்காது. நடுவில் சற்று உயர்ந்து, உட்காருகிற புறா மாதிரி அடங்கும். கடைசியில், இறைவன் ஒருவனே என்று கலிமாவுக்குக் காட்டுவது போல, இடக்கைச் சுட்டுவிரலை மட்டும் மேலே தூக்குவார். வலக்கை விரல்தான் தூக்க வேண்டியது. அது தூங்கிக்கொண்டிருந்தது.

இதை எப்படிப் போய்ச் சொல்வது? கேட்டவர்கள் சிரித்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பாவம் என்று சொல்லிவிட்டால்?

இப்போது திரைக்கு அந்தப் பக்கம் லெப்பை யாசீன் ஓதி முடித்தார். ஒலி முகம்மதுவின் மூச்சு, நனைந்த துணியை இழுப்பது போல விட்டுவிட்டு வந்தது. லெப்பை குனிந்து அவர் காதருகே கலிமாவை நிதானமாகச் சொன்னார். கொஞ்சம் நிறுத்தினார். மறுபடியும் சொன்னார்.

"வாணலி," என்றார் ஒலி முகம்மது.

திரைக்குப் பின்னால் சம்சுன்னிசா நிமிர்ந்து உட்கார்ந்தாள். நடுவில் உயர்ந்து அடங்கிய வாணலி அது. கலிமாவுக்கான பதில்.

"வேணாம்டா தம்பி," என்று அண்ணனின் குரல் உடைந்தது. "வேணாம். வாய மூடிக்கடா. ஒனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"வாணலி."

"லெப்பை, நீங்க நிறுத்தாம சொல்லுங்க, அவன் பேச எடம் குடுக்காதீங்க. ஏ, கைய எங்க தூக்குற? எடக்கைய எறக்கு. கழுவுற கைடா அது, அதைக்கொண்டா கலிமாவுக்கு விரல் காட்டுறது?"

கட்டில் கிரீச்சிட்டது. சேலை மெல்லிசு. சன்னல் வெளிச்சத்தில் நிழல் தெரிந்தது. அண்ணன் தம்பியின் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, மெத்தையோடு சேர்த்துத் தன் வலக்கைக்குள் பொத்திக்கொண்டார். அடிக்கவில்லை, முறுக்கவில்லை. குழந்தை அடுப்பைத் தொடாமல் பிடித்துக்கொள்வது போலத்தான் பிடித்திருந்தார். ஆனால் விடவில்லை.

வலக்கை செத்தது. வாயில் இருப்பது ஒரு சொல். இருந்த ஒரு கையும் போயிற்று.

அந்நிய ஆண் இருக்கும் இடத்தில் குரல் உயர்த்திப் பழகாதவள் அவள். கதீஜாவைப் பார்த்தாள். கதீஜா கண்ணை மூடித் தானும் கலிமா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பெரிய மச்சான்," என்றாள் சம்சுன்னிசா. முதல் தடவை சத்தமே வரவில்லை. மறுபடி சொன்னாள். "பெரிய மச்சான், கைய விடுங்க. அவுக கலிமாதான் சொல்றாக."

அந்தப் பக்கம் ஓதல் நின்றது.

"என்ன சொல்றே நீ?"

"அதுதான் அவுகளோட கலிமா. ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் சொல்லுவாக. தஸ்பீஹும் அதுலதான் ஓதுவாக. எனக்குத் தெரியும்."

"பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு? எண்ணெச்சட்டிய கலிமாங்கிறியே! வெளிய கேட்டா நம்ம கடைத்தெருவுல தலைகாட்ட முடியுமா?"

"கபீர், சும்மா இரு," என்றார் லெப்பை. பிறகு திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டார், "எப்படிம்மா தெரியும்?"

"சத்தத்துல."

"எங்க, ஒரு தடவை சொல்லிக் காட்டும்மா."

அவள் வாயைத் திறந்தாள். அவர் சொல்வது காதுக்குள் அப்படியே இருந்தது. ஆனால் அவள் நாக்கில் வந்தால் அது வெறும் சட்டியாகத்தான் இருக்கும் என்று தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"எனக்கு வராது," என்றாள்.

அண்ணன் பெருமூச்சு விட்டார். லெப்பை வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். பின்பு, "சரி. நான் கடைசியா ஒரு தடவை சொல்றேன். அவன் என்ன சொல்றானோ சொல்லட்டும். அதைக் கேட்டு நீ என்னன்னு சொல்லும்மா. அதுக்கப்புறம் நாம யாரும் பேச வேணாம்," என்றார்.

இதைத்தானே கேட்டாள்? அவர் ஒரு தடவை சொன்னால் போதும். நடுவில் உயர்ந்து அடங்கினால் போதும். எல்லாருக்கும் முன்னால் அது கலிமா என்று அவள் வாயால் சொல்லிவிடுவாள். அவர் கலிமாவோடு போனார் என்று தெரு சொல்லும்.

லெப்பை சொன்னார். நிறுத்தினார்.

கீழே சாலையில் டிராம் மணி அடித்துக்கொண்டு போனது. எருமை ஒன்று கத்தியது. மூச்சு இழுத்தது, விட்டது, இழுத்தது.

"வாண்லி."

நறுக்கென்று வந்தது. கத்தியால் வெட்டினாற்போல.

அவர் தண்ணீர் கேட்டார்.

அந்தப் பக்கத்து நிழல்கள் இரண்டும் திரையின் பக்கம் திரும்பின. கதீஜாவின் நகம் அவள் முழங்கையில் பதிந்தது. அவளுக்கும் எப்படியோ புரிந்துவிட்டிருந்தது. "கலிமான்னு சொல்லிடு புள்ள," என்று காதோடு கிசுகிசுத்தாள். "சொல்லிடு. யாருக்குத் தெரியப் போவுது. இவுகளும் இனிமே நிம்மதியா இருப்பாக. சொல்லிடேன்."

"என்னம்மா?" என்றார் லெப்பை.

சொல்லலாம். சொன்னால் அதற்குப் பிறகு யாரும் பேசமாட்டார்கள். அவர் வாயில் யாரும் தண்ணீர் விடவும் மாட்டார்கள். இவ்வளவு நல்ல முடிவைக் கலைக்க யாருக்கு மனம் வரும்? மூன்று பேரும் சந்தோஷத்தோடு பார்த்துக்கொண்டிருக்க, அவர் நாக்கு ஒட்டிக்கொண்டு போவார். தான் கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போவார்.

சம்சுன்னிசா பானையிலிருந்து ஒரு கிண்ணம் மொண்டாள். முக்காட்டை இழுத்துக்கொண்டு, சேலைத் திரையை ஒரு பக்கமாக ஒதுக்கி, லெப்பை இருக்கிறார் என்று நிற்காமல், நேரே கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தாள். லெப்பை சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தண்ணியா?" என்றார் அண்ணன். "தண்ணியா கேட்டான்?"

அவள் தலைமாட்டிலிருந்த பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். அவர் உறிஞ்சினார். இன்னொரு தடவை நனைத்தாள். தொண்டை ஏறி இறங்கியது. அவருடைய கண் திறந்து அவள் முகத்தில் நின்றது. அவள் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற சத்தத்தில் கலிமாவைச் சொன்னாள். அவர் உதடு அசைந்தது. சத்தம் இல்லை. எத்தனையோ வாணலிகளைப் பிரித்தறிந்த அவளுக்கு, சத்தமில்லாத அந்த ஒன்று என்னவென்று பிடிபடவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தாள். அடுத்த மூச்சு வரும் என்று காத்திருந்தாள்.

கொஞ்சநேரம் கழித்து லெப்பைதான், "இன்னா லில்லாஹி..." என்றார்.

அண்ணன் தம்பியின் கையை அப்போதுதான் விட்டார். எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றார். "கடைசியில தண்ணி கேட்டுட்டுப் போயிட்டான்," என்று வெளியே பார்த்தபடி சொன்னார்.

அதற்கப்புறம் நடந்தவையெல்லாம் அவளைச் சேராதவை. ஆண்கள் குளிப்பாட்டினார்கள். கபன் துணி உடுத்தினார்கள். கதீஜா அவளைக் கூட்டிப்போய் ஒரு தடவை அவர் முகத்தைக் காட்டினாள். தாடையைக் கட்டியிருந்த துணியில் அவர் யாரோ போல இருந்தார். உடலை வைத்த சந்தூக்கைப் படிக்கட்டில் நேராக இறக்க முடியவில்லை. "சாய்ச்சுப் பிடிங்க, சாய்ச்சு, லா, மெதுவா!" என்று யாரோ கத்தினார்கள். அவள் மூலையில் உட்கார்ந்து அந்தச் சத்தம் ஒவ்வொரு படியாகக் கீழே போவதைக் கேட்டாள். தெருவில் மாட்டுவண்டிகள் நின்றன.

"ஐயோ, வாணலி பாய் போயிட்டாரா?" என்ற மங்களத்தின் குரல் கேட்டது. "எங்க வாணலி பாய் போயிட்டாரா?" அவள் அழுதுகொண்டே சொன்ன அந்தப் பெயரில் கேலி இல்லை. மங்களத்துக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது.

கதீஜா அவளுக்கு வெள்ளைச் சேலை உடுத்தி, வளையலைக் கழற்றி, அதே திரைக்குப் பின்னால் பாயை விரித்தாள். "நாலு மாசம் பத்து நாள், இத்தா முடியிற மட்டும் இதுதான் புள்ள ஒன் எடம். வெளி ஆம்பள சத்தம் கேட்டா பேசாதே. அடுப்பு பத்தவைக்க வேணாம், நான் கஞ்சி அனுப்புறேன்," என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

சாயங்காலம் அடங்கும் நேரம் படியில் காலடிச் சத்தம் வந்தது. செருப்பைக் கழற்றும் சத்தம். பிறகு எதுவுமில்லை. சேலையின் கீழ்விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. விரலிடுக்கில் மையவாடிச் செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தது.

"நான்தான்," என்றார் அஹமது கபீர்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"நல்ல எடம். மரநிழல். லெப்பையே எறங்கி வச்சாரு."

வெளியே காஸ் விளக்கு ஏற்றுகிறவன் ஏணியைச் சாய்க்கும் சத்தம் கேட்டது.

"தண்ணி குடிச்சதுக்கு அப்பறம்," என்றார் அவர். நிறுத்தினார். "நீ குனிஞ்சிருந்தியே, அப்போ. அவன் வாய் அசைஞ்சுச்சு. என்ன சொன்னான்?"

"தெரியல பெரிய மச்சான்."

"ஒனக்கே தெரியலையா?"

"சத்தம் வரல."

அவர் பாதங்களை உள்ளே இழுத்துக்கொண்டார். போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் போகவில்லை.

"என் கைக்குள்ள அவன் கை இருந்துச்சு," என்றார். "அப்போ ஒரு விரல் எந்திரிச்சுச்சு. அந்த ஒரு விரல் மட்டும். நான் அமுக்கிட்டேன். மறுபடியும் எந்திரிச்சுச்சு."

அவள் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

"நீ சொன்னே," என்றார் அவர்.

"சொன்னேன்."

"ஆமா. சொன்னே."

விளக்குக்காரன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த கம்பத்துக்குப் போனான். சன்னல் வழியே மஞ்சள் வெளிச்சம் வந்து தரையில் விழுந்தது. அண்ணன் எழுந்திருக்கவுமில்லை, அழவுமில்லை. சுவரில் தலை சாய்த்திருப்பார் போல. அவருடைய வலக்கை மட்டும் சரிந்து, சேலையின் விளிம்புக்குக் கீழே, அவள் பக்கத்துத் தரையில் மல்லாந்து திறந்து கிடந்தது. விரல்கள் எதையும் பிடித்திருக்கவில்லை. அவள் காலை மடக்கிக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.